நின்றுபோன மாத்திரை



சென்ற மாதம் ஒரு நிக்காஹ்வில் கலந்துகொள்வதற்காகப் புதியம்புத்தூருக்குச் சென்றிருந்தேன். ஒட்டப்பிடாரத்திற்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் அருகே, கரிசல் பூமியின் நடுவே உள்ள ஊர் அது. மழையை நம்பிய நிலம் வஞ்சித்தபோதெல்லாம் அந்த ஊருக்குச் சோறு போட்டது தையல் இயந்திரம்தான். நைட்டியும் பாவாடையும் சிறுவர் உடைகளும் அங்கே வீட்டுக்கு வீடு தைக்கப்பட்டு வெளியூர்களுக்குச் செல்கின்றன. பெருநாள், பொங்கல், தீபாவளி நெருங்கிவிட்டால் நள்ளிரவு கடந்தும் இயந்திரங்களின் ஓசை ஓய்வதில்லை.

விருந்து முடிந்து கைகழுவித் திரும்பும்போது, ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் என் அருகே வந்து அமர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துணி வெட்டும் தொழில் செய்பவர். மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. சற்று நேரத்தில் அவருடைய மனைவியார் ஒரு மஞ்சள் பையுடன் வந்து சேர்ந்தார். பை நிறைய மருத்துவத் தாள்கள்.

"தம்பி, நீங்க மருத்துவப் பக்கம் எழுதுறீங்கன்னு சொன்னாங்க. இதக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. நான் சொன்னா அவுக கேக்க மாட்டேங்கிறாக" என்றார்.

தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டிருக்கிறது. இருதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் எனும் வலைக்குழல் பொருத்தப்பட்டிருக்கிறது. அப்போது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 148. மாத்திரைகள் தொடங்கி மூன்று மாதத்திற்குப் பின் எடுத்த பரிசோதனையில் அது 78. அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகளாகப் பரிசோதனையே இல்லை. அண்மையில் ஒரு முகாமில் எடுத்த தாளில் மீண்டும் 151.

"கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா மாமா?" என்று கேட்டேன்.

"அதான் கொறைஞ்சு போச்சே தம்பி! நார்மல்னு தாள்லயே போட்டிருக்கு. சொகமானவன் எதுக்கு மருந்து சாப்பிடணும்? அன்னைக்கே நிறுத்திட்டேன்" என்றார், ஏதோ ஒரு கடனை அடைத்து முடித்தவரைப் போன்ற நிம்மதியுடன்.

வாசகர்களே, அவருடைய இந்தக் கேள்வி நம்மில் எத்தனையோ இல்லங்களில் கேட்கப்படும் கேள்வி. உங்கள் வாப்பாவோ, மாமாவோ, உம்மாவோ இப்படி ஒரு மாத்திரையைச் சத்தமின்றி நிறுத்தியிருக்கக்கூடும். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

கொழுப்பு எங்கே உண்டாகிறது?

கொலஸ்ட்ரால் என்றவுடன் நமக்கு ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. உடலே உற்பத்தி செய்வது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்குண்டு. உயிரணுக்களின் சுவருக்கும், சில இயக்குநீர்களுக்கும், பித்த நீருக்கும் அது தேவை. எனவே கொலஸ்ட்ரால் முற்றிலும் பகையான பொருள் அன்று. அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்கள்தாம் பகை. அவை இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைந்து ஆண்டுக்கணக்கில் படிகின்றன. அந்தப் படிவு ஒரு நாள் வெடித்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடுகிறது. அதுவே மாரடைப்பு.

இங்கே ஒன்றை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ஸ்டென்ட் பொருத்துவதால் அடைபட்ட ஓரிடம் திறக்கப்படுகிறது. ஆனால் படிவு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. மற்ற கிளைகளிலும் அது மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்டென்ட் வைத்தவுடன் நோய் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது, ஓடிய கூரையில் ஓர் ஓட்டை மாற்றிவிட்டு மழைக்காலம் முழுவதும் கவலையின்றி உறங்குவதற்கு ஒப்பாகும்.

பூஞ்சையிலிருந்து வந்த மருந்து

ஸ்டாடின் எனப்படும் மருந்துகளின் கதை சுவையானது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ, ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஆராய்ந்து, அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றிலிருந்து 1973ஆம் ஆண்டில் முதல் ஸ்டாடினைக் கண்டெடுத்தார். பென்சிலினும் பூஞ்சையிலிருந்தே கிடைத்தது என்பதே அவருக்கு ஊக்கம் அளித்தது. அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டில் லோவாஸ்டாடின் என்ற மருந்து விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. கோடானுகோடி மக்களின் ஆயுளுக்கு உதவிய எண்டோ, 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமது 90ஆம் வயதில் காலமானார்.

இம்மருந்து கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியின் ஒரு முக்கியமான படியைத் தடுக்கிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்காக இரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு இறங்குகிறது. மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய இடத்தை எட்டிவிடுகிறது. புதியம்புத்தூர் பெரியவரின் 78 என்ற எண் நோய் நீங்கியதற்குச் சான்று அன்று. மருந்து வேலை செய்கிறது என்பதற்கே சான்று. குடை பிடித்திருப்பதால் நனையாமல் நிற்பவர், மழை நின்றுவிட்டது என்று எண்ணிக் குடையை மடக்கலாமா?

இருதய நோயாளிகளுக்கு இம்மருந்து உயிர் காக்கும் என்பது 1994ஆம் ஆண்டிலேயே ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நெஞ்சுவலியோ மாரடைப்போ கண்ட 4,444 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு சிம்வாஸ்டாடினும் மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்துச் சுமார் ஐந்தரை ஆண்டுகள் கவனித்தனர். போலி மாத்திரை உண்டவர்களில் 256 பேர் இறந்தனர். மருந்து உண்டவர்களில் 182 பேர். இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையினர். இடைப்பட்ட 74 என்பது வெறும் எண்ணிக்கையன்று; 74 வீடுகளில் அணையாமல் நின்ற விளக்குகள்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

பரிசோதனைத் தாளில் 'நார்மல்' என்று அச்சாகியிருப்பது உடல்நலம் குன்றாத பொதுமக்களுக்கான அளவு. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இந்திய இருதயவியல் கழகம் 2024ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி, மாரடைப்பு, நெஞ்சுவலி, பக்கவாதம் போன்றவை ஏற்கெனவே கண்டவர்கள் மிக அதிக ஆபத்துடையவர்கள். அவர்களுக்கு எல்.டி.எல். 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே நம் பெரியவர் 78 என்ற நிலையிலும்கூட இலக்கை எட்டியிருக்கவில்லை. மருந்தின் அளவைக் கூட்டவேண்டிய நேரத்தில் அவர் அதை நிறுத்தியிருக்கிறார்!

எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறையும்போது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் ஆபத்துகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று, ஒரு இலட்சத்து எழுபதாயிரம் பேர் பங்குபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. போதிய அளவு ஸ்டாடின் எல்.டி.எல்.-ஐப் பாதியாகவே குறைத்துவிடும். அதுவும் போதாவிடில் எசெட்டிமைப் என்ற மற்றொரு மாத்திரையைச் சேர்க்கலாம். ஊசி மருந்துகளும் வந்துள்ளன. அவற்றின் விலை மிக அதிகம். ஆனால் பெரும்பாலோருக்கு விலை குறைந்த மாத்திரைகளே போதும்.

நம் நாட்டின் நிலை

மருந்து உண்டு, அறிவு உண்டு, ஆனால் அவை நோயாளியைச் சென்றடைந்தனவா? கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, கனடாவில் பணிபுரியும் பேராசிரியர் சலீம் யூசுப் தலைமையில் 17 நாடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இருதய நோயோ பக்கவாதமோ கண்டவர்களில் ஸ்டாடின் உண்டவர்கள், செல்வ நாடுகளில் நூற்றுக்கு 66 பேருக்கு மேல். இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளிலோ நூற்றுக்கு மூவருக்குச் சற்று அதிகம்! தடுப்பு மருந்து எதுவுமே உண்ணாதவர்கள் ஏழை நாடுகளில் நூற்றுக்கு எண்பது பேர்.

அதற்கு முன்பே, 2008ஆம் ஆண்டில், நம் நாட்டின் 89 மருத்துவமனைகளில் இருதயக் கோளாறுடன் சேர்க்கப்பட்ட 20,468 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் மருந்து வசதி படைத்தவர்களில் 61 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. ஏழைகளில் 36 சதவீதத்தினருக்கே கிடைத்தது. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், வசதியுள்ளவர்களில் 5.5 சதவீதம். சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தபோது இந்த இடைவெளி மறைந்துபோயிற்று. அதாவது, ஏழையைக் கொன்றதில் அவன் பெறாத சிகிச்சைக்கும் பங்கு இருந்தது.

அன்றைக்கும் இன்றைக்கும் நிலைமை மாறியிருக்கிறது. நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றுள் 8 மாத்திரைகள் அட்டோர்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மருந்தே. உயிர் ஊசலாடும் வேளையில் அரசே முதலில் கையில் எடுக்கும் மருந்தை, உயிர் பிழைத்த பின் நாம் குப்பையில் போடலாமா?

ஏன் நிறுத்துகிறோம்?

முதற்காரணம், 'நார்மல்' என்ற சொல் தரும் மயக்கம். அதைப் பார்த்தோம்.

இரண்டாவது, மருந்துச் சீட்டின் தேக்கம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் எழுதிய அதே சீட்டைக் கடையில் நீட்டி, ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரையை வாங்கி உண்பவர்கள் பலர். இடையில் பரிசோதனை இல்லை. அளவு போதுமா என்று கேட்பாரில்லை. மருத்துவர்களும் சில வேளைகளில் கூட்ட நெரிசலில் 'அதையே தொடருங்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். மருந்து உண்டும் இலக்கை எட்டாமல் இருப்பது, அரைகுறையாகத் தாழிட்ட கதவு.

மூன்றாவது, பக்கவிளைவு பற்றிய அச்சம். 'கொழுப்பு மாத்திரை தசையைத் தின்றுவிடும், ஈரலைக் கெடுத்துவிடும்' என்று கைப்பேசிச் செய்திகள் அன்றாடம் வருகின்றன. தசைவலி சிலருக்கு வருவது உண்மை. நீரிழிவு வரும் வாய்ப்பு சிறிது கூடுவதும் உண்மை. கடுமையான தசைச் சிதைவும் ஈரல் பாதிப்பும் மிக அரியவை. லண்டனில், பக்கவிளைவுக்கு அஞ்சி ஸ்டாடினை நிறுத்திய 60 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வெளியாயிற்று. சில மாதங்கள் மருந்தும், சில மாதங்கள் போலி மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றுமில்லாமலும் இருக்கச் செய்தனர். மருந்து உண்ட மாதங்களில் அவர்கள் உணர்ந்த துன்பத்தில் 90 சதவீதம், போலி மாத்திரை உண்ட மாதங்களிலும் இருந்தது! வலி பொய்யன்று, ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் மருந்தன்று. வலி வந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாற்றலாம். தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

நான்காவது, பெண்களின் மௌனம். இதைச் சகோதரிகள் ஊன்றிப் படிக்க வேண்டும். நெஞ்செரிச்சல், முதுகுவலி, களைப்பு என்று பெண்களுக்கு வரும் அறிகுறிகளை 'வாய்வு' என்று இஞ்சிச் சாற்றோடு முடித்துவிடுகிறோம். கணவரின் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக்கொடுக்கும் மனைவி, தமக்கு எழுதிய மாத்திரையை 'இந்த மாசம் செலவு சாஸ்தி' என்று தள்ளிப்போடுகிறார்.

ஐந்தாவது, கைமருந்து நம்பிக்கை. வெள்ளைப்பூண்டும் வெந்தயமும் கருஞ்சீரகமும் நல்ல பொருட்களே. உணவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டாடினின் இடத்தை அவை நிரப்பமாட்டா. இறைவன்மீது பொறுப்புச் சாட்டுவதும் மருத்துவம் செய்துகொள்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

நோன்பும் மாத்திரையும்

ரமலானில் மருந்தை நிறுத்துபவர்கள், பெருநாள் முடிந்தும் தொடங்காமலே விட்டுவிடுவதுண்டு. கொழுப்பு மாத்திரை நோன்புக்குத் தடையே அன்று. நாளொன்றுக்கு ஒருமுறை உண்டால் போதும். அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் ஆகியவற்றை எந்நேரத்திலும் உண்ணலாம். சிம்வாஸ்டாடினை இரவில் உண்பது நல்லது. இஃப்தாருக்குப் பின், தராவீஹுக்கு முன் என்று ஒரு நேரத்தை வைத்துக்கொண்டால் மறதி வராது. மற்ற இருதய மருந்துகளையும் நீரிழிவு மருந்துகளையும் எப்படி மாற்றி அமைப்பது என்பதை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைக்க உடல் இடம் தராவிடில், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை இருக்கவே இருக்கிறது.

அடுப்படியில்

உணவுக் கட்டுப்பாடு மருந்துக்கு மாற்று அன்று, துணை. இறைச்சியின் கொழுப்பை நீக்கிச் சமையுங்கள். வனஸ்பதியைத் தவிருங்கள். எண்ணெய், கொழுப்புகளில் கேடு விளைக்கும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் விதி உள்ளது; ஆயினும் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிப்பதை எந்த விதியும் நம் வீட்டுக்குள் வந்து தடுக்காது. கரிசல் மண்ணின் கம்பும் சோளமும் குதிரைவாலியும் மீண்டும் நம் தட்டுக்கு வரட்டும். மணிக்கணக்கில் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவர்கள் இடையிடையே எழுந்து நடக்கட்டும். புகைப்பழக்கம் அறவே ஒழியட்டும்.

இன்றே செய்யவேண்டியது

உங்கள் இல்லத்தில் மாரடைப்பு கண்டவரோ, ஸ்டென்ட் வைத்தவரோ, பைபாஸ் அறுவை செய்துகொண்டவரோ இருந்தால், இன்றே அவருடைய மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 'ஸ்டாடின்' என்று முடியும் பெயருள்ள மாத்திரை அதில் இருக்கிறதா? இல்லையெனில், ஏன் இல்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள். இருந்தால், கடைசியாக எல்.டி.எல். எப்போது பார்க்கப்பட்டது, 55க்குக் கீழே இறங்கியதா என்று கேளுங்கள். மருந்து தொடங்கினாலோ அளவு மாற்றினாலோ 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபரிசோதனை தேவை. அட்டோர்வாஸ்டாடின் அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வெளியில் வாங்க நேர்ந்தால் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் உள்ளன. மருத்துவர் சொல்லாமல் யாரும் தாமாகத் தொடங்கவும் வேண்டாம். கருவுற்ற சகோதரிகள் கண்டிப்பாக மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

புதியம்புத்தூர் பெரியவர் மறுவாரமே தூத்துக்குடிக்குச் சென்றார். பழைய ஸ்டென்ட் நன்றாகவே இருந்தது. வேறொரு குழாயில் புதிதாக ஓர் அடைப்பு. மீண்டும் ஒரு ஸ்டென்ட், மீண்டும் கடன். மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. தொடர்ந்து உண்டிருந்தால் தவிர்க்கும் வாய்ப்பு மிகுந்திருக்கும் என்பதை மட்டும் கூறலாம். அந்த வாய்ப்பை அவர் இரண்டரை ஆண்டுகள் அறியாமல் கைவிட்டிருந்தார்.

அண்மையில் அவருடைய மனைவியார் தொலைபேசியில் பேசினார். "இப்ப அவுக மாத்திரைய நான்தான் எடுத்துக் குடுக்கேன் தம்பி. முழுங்குற வரைக்கும் பக்கத்துலயே நிக்கேன்" என்றார்.

"உங்கள் பரிசோதனையை எப்போது எடுத்தீர்கள் மாமி?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "எனக்கென்ன தம்பி, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

சகோதரிகளே, அவரிடம் நான் கூறியதை உங்களிடமும் கூறி முடிக்கிறேன்: அடுத்த முறை அவருடன் மருத்துவமனைக்குச் செல்லும்போது, உங்கள் இரத்தத்தையும் பரிசோதிக்கக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.